ஒரிகாமி நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் என் பத்து வயது மகள், காகித மடிப்புக் கலையான ஒரிகாமி பற்றிய நூல் ஒன்றைப் பார்த்துக் காகிதக் கொக்கு ஒன்றை மடித்துக்கொண்டு வந்து, கழுத்துக்கான மெல்லிய முனையை மேலே தூக்கும் படத்தில் நின்றுவிட்டாள். அங்கே இருந்தது வெறும் சிறுகோடுகளா, இடையிடையே புள்ளி வைத்த கோடா என்று அவளுக்குத் தெரியவில்லை; கண்ணாடி போட்டுப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. வெறும் சிறுகோடுகள் என்றால் தாளை முன்புறமாக மடிக்க வேண்டும், அது பள்ளத்தாக்கு மடிப்பு. புள்ளி கலந்திருந்தால் பின்புறமாக மடிக்க வேண்டும், அது மலை மடிப்பு. அச்சுக்காகப் படத்தைச் சுருக்கியதில் புள்ளிகள் மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. முன்னும் பின்னுமாக அவள் ஐந்தாறு முறை மடித்துப் பார்த்ததில் முனை நைந்து கிழிந்தது. "எனக்கு இது வராதும்மா" என்று எழுந்து போய்விட்டாள். குறை அவளிடம் இல்லை; படத்தில்தான்.

நீங்கள் இந்தக் குறியீடுகளை அறியாதவர்கள் அல்லர். ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954இல் தம் நூலில் கையாண்ட கோடுகளையும் அம்புக்குறிகளையும் 1960களின் தொடக்கத்தில் ஒரிகாமி நூலாசிரியர்களான சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் செப்பனிட்டு விரிவாக்கியதால்தான், ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் வந்த நூலை வைத்துக்கொண்டும் இன்று மடிக்க முடிகிறது. அப்படிப்பட்ட முறையில் ஒரு புள்ளி அழிந்தால் பொருளே தலைகீழாகிவிடும். என் மகள் பார்த்து மடித்த நூலில், தாளைத் திருப்பிப் போடச் சொல்லும் வளைய அம்பும், மடித்துப் பிரிக்கச் சொல்லும் போய்த்திரும்பும் அம்பும்கூட ஒரே சாதாரண அம்பாக வரையப்பட்டிருக்கின்றன. பழகியவர்கள் அடுத்த படத்தின் வடிவத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார்கள். முதன்முதலாகத் தாளைக் கையில் எடுக்கும் குழந்தை என்ன செய்யும்?

வழவழப்பான அட்டைக்கும் வண்ணப் படங்களுக்கும் இடம் இருக்கும்போது, குறியீடுகளை விளக்க ஒரு பக்கம் இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. "தொடக்கநிலையினருக்கு" என்று அட்டையில் அச்சிடும் நூலில் அந்தப் பக்கம்தான் முதலில் வர வேண்டும்.

ஆகவே, அடுத்த பதிப்பிலாவது குறியீட்டுப் பக்கத்தைச் சேர்த்து, மலைக் கோடும் பள்ளத்தாக்குக் கோடும் ஒரு குழந்தையின் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும் அளவில் படங்களை அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கு அனுப்புமுன், இதுவரை ஒரிகாமி அறியாத ஒருவரிடம் அந்தப் படங்களைக் கொடுத்து ஒருமுறை மடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி