ஐடிஐ படிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறேன். ஊர் கருங்கல். காலை பஸ்ஸில் என் பழைய வகுப்புத் தோழிகள் பிளஸ் டூ சீருடையில் நெருக்கி உட்கார்ந்து கெமிஸ்ட்ரி டெஸ்ட் பற்றிப் பேசுவார்கள். என்னிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், "ஏன் மக்ளே, மார்க் இல்லியா?" என்கிறார்கள் அத்தைமார்.

மார்க் இருந்தது. பிடித்துத்தான் சேர்ந்தேன். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடையில் ஒரு கீற்றுகூடத் தெரியக் கூடாது. அது சரியாக அமையும்போது வரும் சந்தோஷம் எந்தப் பரீட்சையிலும் எனக்கு வந்ததில்லை.

பத்தாம் வகுப்பு தேறி, இரண்டாண்டு ஐடிஐயும் முடித்தவர்கள், தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். எங்கள் பக்கத்தில் பெற்றோர் பலருக்கு இது தெரியவே தெரியாது. பத்தாம் வகுப்பிலேயே பள்ளிகள் இதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஊர் விழாக்களில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கபடி, பேச்சுப் போட்டிகளில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் அதே வயதுதான்.

இப்படிக்கு,
ஃபிட்டர் பிரிவு மாணவி,
கருங்கல்.