சகோதரி சுப்பலட்சுமி பெயரில் மாலை வகுப்பு நடத்த ஓர் அறை கேட்டு மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஆறு பேர்,
திருவல்லிக்கேணி, சென்னை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாலையில் ஓர் அறை ஒதுக்கவும், அதற்குச் சகோதரி சுப்பலட்சுமி பெயர் வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஆறு பேரும் கடற்கரைச் சாலையில் இருக்கும் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பி.எட். படித்தவர்கள். பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டோம். ஆறு பேர் சார்பிலும் எங்களில் ஒருத்தியான நான் இதை எழுதுகிறேன். எங்களை ஆசிரியைகள் ஆக்கிய அந்த இடத்தை 1922இல் முதல் முதல்வராக இருந்து நடத்தத் தொடங்கியவர் சகோதரி சுப்பலட்சுமி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் கேட்பதற்குக் காரணமே அவர்தான்.

1886 ஆகஸ்ட் 18இல் மயிலாப்பூரில் பிறந்தார். பதினொரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் குழந்தைக்கு என்ன நடக்கும் என்பது நம் பாட்டிமார் வாயிலாக நமக்கெல்லாம் தெரிந்ததுதான், மூலையில் உட்கார வைப்பார்கள், நல்ல காரியத்துக்குப் போகிறவர் எதிரில் வரக்கூடாது என்பார்கள். இவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார், அப்புறம் பள்ளிக்கு அனுப்பினார், 1911இல் மகள் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். உறவுக்காரர்களின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு தகப்பன் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

தான் படித்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1912இல் எழும்பூரில் ஒரு வீட்டில், தன்னைப் போலவே சின்ன வயதில் கணவரை இழந்த ஒரு சில பெண்களைத் தன்னோடு தங்க வைத்துப் படிக்க வைத்தார். ஆட்கள் கூடக் கூட இடம் போதவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு அந்த விடுதி வந்தது அப்படித்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். தினமும் அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு, அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் அத்தனை பெண்கள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள் என்று தெரியும்?

சுப்பலட்சுமியின் அந்த விடுதி முதலில் பிராமண விதவைகளுக்காக மட்டுமே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே படித்து டீச்சராகப் போன பெண்கள் யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1927இல் வயது கூடிய பெண்களும் தங்கிப் படிக்க சாரதா வித்யாலயாவை ஆரம்பித்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் உறுப்பினர், 1958இல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பரில் காலமானார்.

சரி, இப்போது எங்கள் கோரிக்கைக்கு வருகிறேன். போன மாதம் மீன் வாங்கப் போன இடத்தில், நாற்பது வயது இருக்கும், கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், “டீச்சர், நான் எட்டாவதோட நின்னுட்டேன், இப்ப பத்தாவது எழுதலாமா, விடுவாங்களா?” என்று கேட்டார். தனித்தேர்வராக எழுதலாம் என்று சொன்னேன். “வீட்டுல உக்காந்து படிக்க எடம் இல்லையே” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. விசாரித்துப் பார்த்தால் அந்தத் தெருவிலேயே அவரைப் போல இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.

பாடம் நடத்த நாங்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றுக்கும் எங்களில் ஆள் உண்டு. கடற்கரைப் பக்கம் உள்ள ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளியில், மாலை 5 மணி முதல் 7 மணி வரை ஓர் அறை மட்டும் கொடுங்கள். விளக்கு எரிய வேண்டும், கழிப்பறையைப் பூட்டாமல் வைக்கச் சொல்ல வேண்டும், காவலாளியிடம் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, இது முக்கியம்.

அந்த அறை வாசலில் ‘சகோதரி சுப்பலட்சுமி மாலை வகுப்பு’ என்று தமிழில் பெரிதாக எழுதி, கீழே நான்கு வரியில் அவர் யார் என்று சொன்னால் போதும். சிலையோ விழாவோ நாங்கள் கேட்கவில்லை. அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 18 அன்று வகுப்பைத் தொடங்கிவிட்டால், அடுத்த பொதுத்தேர்வுக்குள் பாடங்களை ஒரு சுற்று முடித்துவிடலாம்.

நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். படிக்க விரும்பும் எட்டுப் பெண்களும் தாங்களே கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஆறு பேர்