இரண்டு பேணிகளும் ஒரு கொப்பியும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
13 ஜூலை 2025

என் அன்பான பிள்ளைக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய செய்தி இங்கே ஒன்பதே முக்காலுக்கு வந்தது. மெல்பேர்ணில் அப்போது விடியப்புறம் இரண்டேகால். அந்த நேரத்தில் விழித்திருந்து, “அம்மா, ஓடர் நல்லா வருது, நாள் முழுக்க அடுப்படியிலதான் நிக்கிறன், ஆனா காசு எங்க போகுதெண்டு தெரியேல்ல” என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு எனக்கும் நித்திரை வரவில்லை.

போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நீ “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்பாய், பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். ஆகவே எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

வங்கி வேலையை விட்டுவிட்டு ரோல்ஸும் பற்றிஸும் செய்து விற்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் மறிக்கவில்லை. உன் கைப்பக்குவத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. மற்றவர்களின் கணக்கை எட்டு வருடம் பார்த்த பிள்ளை நீ, உனக்குக் கணக்கு சொல்லித் தரத் தேவையில்லை என்றும் நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். மற்றவருடைய கணக்கைப் பார்க்கும்போது கை நடுங்குவதில்லை. சொந்தக் கணக்கைத் திறக்கப் பயமாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று தோன்றும். அந்தப் பயத்தோடு நானும் இருந்திருக்கிறேன்.

1998இல் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, வன்னியில் அலைந்து, கொழும்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு அறை அனெக்ஸ், உனக்கு நாலு வயது. அப்பா புறக்கோட்டையில் 4ஆம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கப்பிள்ளை. அவருடைய சம்பளம் வாடகைக்கும் உன் பால்மாவுக்கும் சரி. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா நம்முடைய மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “இந்தக் கறித்தூள் எனக்கும் வறுத்துத் தருவீங்களா?” என்று கேட்டா. இரண்டு கிலோ செத்தல் மிளகாயில் தொடங்கியது நம்முடைய வியாபாரம். வீட்டில் வறுத்து, பாமன்கடை மில்லில் அரைத்து, கால் கிலோ கால் கிலோவாகப் பொதி கட்டிக் கொடுத்தேன்.

அப்பா ஒரேயொரு நிபந்தனை வைத்தார். தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்து தந்து, “ஒவ்வொரு நாளும் இரவு சிட்டை எழுத வேணும், அண்டைக்கு வந்த காசும் போன காசும். கொப்பியில இருக்கிற காசும் கையில இருக்கிற காசும் ஒத்துப்போகும் வரைக்கும் பாய் போடக்கூடாது” என்றார். அவருடைய கடை முதலாளி கோடிக்கணக்கில் புரட்டியவர். அவரும் கடை பூட்டுமுன் சிட்டை முடிக்காமல் எழும்பமாட்டாராம்.

முதல் மாதம் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. ஓர் இரவு நாற்பது ரூபாய் குறைந்தது. நாற்பது ரூபாய்தானே, விடுங்கள் என்றேன். அப்பா விடவில்லை. ஒரு மணித்தியாலம் யோசித்த பிறகு ஞாபகம் வந்தது: காலையில் படியில் வைத்தே ஒருவருக்குப் பொதி கொடுத்தேன், காசு பிறகு தருகிறேன் என்றார், நான் எழுதவில்லை. அந்த நாற்பது ரூபாய்க்காக இல்லை அப்பா என்னை இருத்தி வைத்தது. இப்படி எத்தனை பேருக்கு எழுதாமல் கொடுத்தேன் என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நீ கணினியில் அழகாகப் போட்டு வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தமாக ஏற்றுவதாகச் சொன்னாய். ஏழு நாளில் பாதி மறந்துபோகும், பிள்ளை. அன்றன்றைக்கு எழுது. கொப்பியோ போனோ, எதில் என்றாலும் சரி.

அப்புறம் அந்த இரண்டு பேணிகள். உனக்கு ஞாபகம் இருக்கும், குசினித் தட்டில் ஒரு பச்சைப் பால்மாப் பேணியும் ஒரு பிஸ்கட் பேணியும். பச்சைப் பேணி கடைக்காசு, பிஸ்கட் பேணி வீட்டுக்காசு. வெள்ளிக்கிழமை தோறும் பச்சையிலிருந்து பிஸ்கட் பேணிக்கு என்னுடைய கூலி போகும், அதற்கு மேல் ஒரு சதமும் போகாது. இதை நான் தொடக்கத்திலேயே செய்துவிடவில்லை. நீ பெரிய பிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், சாறி, நகை என்று பச்சைப் பேணியில் கைவைத்தேன். உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று கிழமை முன்பு அது. வருடத்தில் தூள் கூடுதலாக ஓடுகிற காலம் அதுதான். மிளகாய் வாங்கக் காசில்லை. வழக்கமாக எடுக்கிற நாலு கடைக்காரரிடம் இல்லை என்று சொன்னேன். அதில் இரண்டு பேர் பிறகு திரும்பி வரவேயில்லை. சடங்கு செய்ததில் எனக்குத் துளியும் கவலையில்லை. என்னுடைய கூலியை ஒழுங்காக எடுத்துச் சேர்த்திருந்தால் அந்தக் காசிலேயே செய்திருக்கலாம், அதுதான் மனதில் நிற்கிறது.

ரோல் ஒன்றுக்கு இவ்வளவு செலவு என்று போன மாதம் எனக்கு ஒரு கணக்கு அனுப்பினாயே, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இறைச்சி இருக்கிறது, மா இருக்கிறது, முட்டை இருக்கிறது. எண்ணெயைக் காணவில்லை. வெடித்துப்போய் ஒதுக்கிய ரோல்ஸைக் காணவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கிற பெற்றோல் இல்லை. உன்னுடைய கூலி இல்லவே இல்லை. காசு எங்கே போகிறது என்று கேட்டாய். கொஞ்சம் அங்கேதான் போகிறது.

இதை நான் கற்றது மிளகாயிடம். இப்போதும் செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் 100ஆம் இலக்க பஸ் எடுத்து நானேதான் புறக்கோட்டைக்குப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது, ஆளை அனுப்பு என்று நீ சொல்கிறாய். போன கிழமை நல்லதாக இருந்த மிளகாய், இந்தக் கிழமை அதே கடையில் அதே பெயரில் வேறாக இருக்கும். மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் தள்ளுவண்டியோடு வர வழிவிட்டு ஒதுங்கி நின்று, சாக்கைப் பிரிக்கச் சொல்லி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பேன். மேலே இருப்பதை யாரும் பார்ப்பார்கள், அடியில் பார்க்க வேண்டும். கையில் பொத்திப் பிடித்தால் நொறுங்க வேண்டும். தோல் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது, தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும். ஒன்றைக் கிழித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்ப்பேன், மணந்தும் பார்ப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, காம்பு கிள்ளுமுன் ஒரு நிறை, வறுத்தபின் ஒரு நிறை, அரைத்தபின் ஒரு நிறை. நன்றாகக் காய்ந்த மிளகாய் பத்துக் கிலோவில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போகும். ஈரமான சாக்கு ஒன்றில் இரண்டரைக் கிலோ போனது. கிலோவுக்கு முப்பது ரூபாய் மலிவு என்று சந்தோஷப்பட்டு வாங்கிய சாக்கு அது. தராசில் வைத்திராவிட்டால் எனக்குத் தெரியவே வந்திராது.

நீயும் இறைச்சியைச் சமைக்குமுன் ஒருதரம், சமைத்தபின் ஒருதரம் நிறுத்துப் பார். ஒரு கிழமைக்கு மட்டும் செய், போதும்.

கடன் விஷயம். அங்கே ஒரு கடைக்கு மாதக் கணக்கில் கொடுக்கிறாய், அவர்கள் இரண்டு மாதமாகத் தரவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாய். 2009இல் எனக்கும் அப்படி ஒரு கடை இருந்தது. நல்ல மனிதர்கள், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர்கள். 45 நாள் திகதி போட்டுச் செக் தருவார்கள். முதல் செக் திரும்பியபோது, அவர்களுக்கு ஏதோ கஷ்டம் என்று பேசாமல் இருந்தேன். இரண்டாவதும் திரும்பியது. அதற்குள் இன்னும் மூன்று முறை சாமான் கொடுத்துவிட்டேன். மொத்தம் 185,000 ரூபாய். ஒரு நாள் போனால் கடை பூட்டிக் கிடந்தது. அந்தக் காசில் அரைவாசிகூட வரவில்லை.

அப்பா என்னை ஏசவில்லை. புறக்கோட்டையில் எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அங்கே காசு கேட்க ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். வியாழன் என்றால் வியாழன், வசூலுக்கு ஆள் வந்து நிற்பார். காசு இருக்கிறதோ இல்லையோ வருவார். ஒவ்வொரு கிழமையும் வருவதால் அதில் ரோசம் கிடையாது, யாரும் கோபிப்பதும் இல்லை. கஷ்டம் வந்த பிறகு முதல் தடவையாகப் போய்க் கேட்டால்தான் முகம் முறிகிறது. அன்றிலிருந்து நான் புதன்கிழமை பின்னேரம் எல்லோருக்கும் போன் எடுக்கிறேன், ஒழுங்காகத் தருபவருக்கும்கூட. நீயும் ஒரு நாளை வை. அந்தக் கடைக்கு நாளைக்கே போன் எடு. பழைய காசு வரும்வரை புதிதாக ஒன்றும் கொடுக்காதே.

விலை கூட்டுவது பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். கிலோ சில நூறு ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள் அடுத்த வருடம் சில ஆயிரமானது. மஞ்சள் கொஞ்சம்தானே என்று விலையைக் கூட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு 2022. மார்ச் மாதம் ரூபாய் சரியத் தொடங்கியது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. நாம் வறுக்கிற மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் வருகிற நேரம் பார்த்து எழும்பி அரைக்கிற மெஷினைப் போட்டோம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய விலைக்கு வாங்கிய மிளகாய்தானே என்று பழைய விலைக்கே தூளை விற்றேன். சனங்கள் கஷ்டப்படுகிற நேரத்தில் சரியான காரியம் செய்கிறேன் என்று மனநிறைவாக இருந்தது. சரக்கு முடிந்து புறக்கோட்டைக்குப் போனேன். மூன்று சாக்கு விற்ற காசுக்கு ஒன்றரைச் சாக்குத்தான் வந்தது. இரண்டு பெண்களுக்கு நான் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒன்றரைச் சாக்கில் எத்தனை பேர் பிழைப்பது?

பதுக்கி வைத்து விற்பது பாவம், அதை நான் எந்த நாளும் செய்யமாட்டேன். ஆனால் விற்கிற பொருளின் விலையில் அடுத்த சாக்கை வாங்குகிற காசு இருக்க வேண்டும். வாங்கிய விலையைப் பார்த்து விற்றால் ஒவ்வொரு முறையும் கடை கொஞ்சம் சிறிதாகும். அன்றைக்கு ஒருவர் வந்து, அரிசிமா கொஞ்சம் கலந்தால் விலையைக் கூட்டத் தேவையில்லை என்றார். அவரை அனுப்பிவிட்டு 50 கிராம் பக்கெட் போட்டேன், நிறையை முன்பக்கத்தில் பெரிதாக அடித்து. வாங்கக்கூடிய அளவை மக்கள் வாங்கினார்கள். தூள் அதே தூள்.

அடுத்த மாதம் உதவிக்கு ஒரு ஆள் எடுக்கப்போகிறாய் என்றாய். அங்கத்தைய சட்டம் உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய ஓய்வூதியக் காசை முதல் மாதத்திலிருந்தே கட்டு. இங்கே ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். என்கிற நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். முதலில் எனக்கு அது பாரமாக இருந்தது, ஒத்திப்போட்டேன். அப்பா சம்பளக் கணக்கோடு சேர்த்தே கட்ட வைத்தார். நம்மோடு வேலை செய்த மஸ்கெலியா அக்கா 50 வயதில் அந்தக் காசை எடுத்து ஊரில் ஓர் அறை கட்டினா. படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. வியாபாரத்தில் நான் செய்த நல்ல காரியம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஓவனுக்குக் கடன் எடுக்கிற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வை. மூன்று மாதம் சிட்டை எழுதிய பிறகு பார்ப்போம். அந்த ஓவன் தன்னுடைய தவணையைத் தானே கட்டுமா என்று கொப்பியே சொல்லும். எங்களுக்கு மெஷின் வாங்கியதும் அப்படித்தான், 2006இல், எட்டு வருடம் கொப்பி எழுதிய பிறகு.

இரண்டு மணி வரை விழித்திருக்காதே. கிழமையில் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு இரு. நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் மெஷின் போடுவதில்லை, உனக்குத் தெரியும். முன்பு அந்த நேரத்தில் அப்பாவோடு கோயிலுக்குப் போய் வருவேன். அவர் காலமாகிப் பதினொரு வருடமாகியும் போய் வருகிறேன்.

சின்னம்மாவின் மகன் அடுத்த கிழமை அங்கே வருகிறார். இரண்டு கிலோ தூள் கொடுத்துவிடுகிறேன், முத்திரை வைத்த பக்கெட்டில். விமான நிலையத்தில் ஒளிக்காமல் அறிவித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பற்றிஸ் கறிக்கு அதைப் போட்டுப் பார்த்துவிட்டு உறைப்பு எப்படி என்று சொல்லு. இந்த முறை மிளகு கொஞ்சம் கூட.

இன்றைக்கு இரவிலிருந்து எழுதத் தொடங்கு. வந்தது, போனது, தர வேண்டியவர்கள், அவ்வளவுதான். எழுதியதும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் அனுப்பு, பிள்ளை. நானும் என்னுடையதை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா