‘ஆப்சலீட்’ என்பதைக் ‘காலாவதி’ என்று எழுதலாமா?

ஆங்கிலம்–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

‘ஆப்சலீட்’ (obsolete) என்னும் ஆங்கிலச் சொல்லைக் ‘காலாவதியான’ என்று தமிழில் எழுதும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடையே வேரூன்றியிருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படி எழுதியவன்தான். இயந்திரக் கையேடு ஒன்றில் ‘காலாவதியான பாகங்கள்’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்த ஒருவர், “எந்தத் தேதியோடு காலாவதி?” என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். தேதி எதுவும் இல்லை. அந்தப் பாகங்களை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவே.

காலத்தோடு எல்லையைக் குறிக்கும் ‘அவதி’ சேர்ந்து பிறந்தது ‘காலாவதி’. மருந்துப் பெட்டியில் அச்சிட்ட நாள் கடந்தால் மருந்து காலாவதியாகிறது. ஆப்சலீட் ஆன பொருளுக்கு அத்தகைய எல்லை கிடையாது. அது பழுதின்றி இயங்கக்கூடும், ஆனால் அதைக் கையாளும் வழக்கம் போய்விட்டது.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல்லின் மூலம் லத்தீனின் ‘ஆப்சொலேட்டுஸ்’. பழகியிருத்தலைக் குறிக்கும் ‘சொலேரே’ என்ற வினையோடு இதைத் தொடர்புபடுத்துவோர் பலர். வளர்ச்சியைக் குறிக்கும் வேரோடு இணைப்போரும் உண்டு. முதற்கருத்தை ஏற்றால், ‘வழக்கொழிந்த’ என்னும் தமிழ்ச்சொல் ஏறத்தாழ உறுப்புக்கு உறுப்பு பொருந்திவிடுகிறது. (உடுத்தி உடுத்தி நைந்துபோன ஆடையையும் லத்தீனியர் இச்சொல்லால் குறித்தனர்.)

‘ஆப்சொலேட்டுஸ்’ பிறந்த லத்தீன் வினை, ஒரு நிலை மெல்ல மெல்ல உண்டாவதைக் காட்டும் விகுதி கொண்டது. ஆகவேதான் ஆங்கிலத்தில் முடிந்த நிலைக்கு ‘ஆப்சலீட்’ என்றும், நடந்துகொண்டிருக்கும் நிலைக்கு ‘ஆப்சலெசன்ட்’ என்றும் இரு சொற்கள் உள்ளன. வழக்கொழிந்த, வழக்கொழிந்துவரும் என இவ்வேறுபாட்டைத் தமிழில் எளிதாகக் காட்டலாம். அதுபோலவே, செய்யுளிலோ சட்ட ஆவணத்திலோ இன்னும் தலைகாட்டும் சொல்லை ஆங்கில அகராதிகள் ‘ஆர்க்கெய்க்’ என்று தனியே குறிக்கின்றன. அதற்கு ‘அருகிய வழக்கு’ இருக்கிறது. முற்றிலும் மறைந்த சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி குறுவாள் வடிவக் குறியே இடுகிறது. இத்தனை நுட்பத்தையும் ‘பழைய’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது நியாயமன்று.

இதைவிட முக்கியமானது தன்வினை, பிறவினை வேறுபாடு. வழக்கு தானாகவும் ஒழியும், பிறரால் ஒழிக்கவும்படும். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்களைப் பழையனவாகத் தோன்றச் செய்யும் வகையில், ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றி விற்றது. அக்கார்கள் வழக்கொழிந்தவை அல்ல, வழக்கொழிக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் ‘திட்டமிட்ட’ என்ற அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியதைத் தமிழ் வினை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

‘காலாவதி’ மெய்யாகவே பொருந்தும் இடம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1932இல், பெர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறு வெளியீட்டில் விந்தையான யோசனையை முன்வைத்தார். வீடு, இயந்திரம், காலணி என ஒவ்வொன்றுக்கும் அரசே ஆயுளை வரையறுக்க வேண்டும், அது முடிந்ததும் பொருள் சட்டப்படி ‘இறந்ததாக’க் கருதப்பட வேண்டும் என்றார். திட்டமிட்ட ‘ஆப்சலெசன்ஸ்’ (ஆப்சலீட் ஆகும் நிலை) என்று அவர் பெயரிட்ட அதற்கு எல்லை நாள் இருந்தது. அங்கே தாராளமாகக் ‘காலாவதி’ என்று எழுதலாம்.

எனவே, அடுத்த பதிப்பில் இச்சொல்லுக்கு ‘வழக்கொழிந்த’ என்பதை முதற்பொருளாக வைத்து, ‘வழக்கொழிந்துவரும்’, ‘வழக்கொழிக்கப்பட்ட’ ஆகியவற்றை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருமாறும், ‘காலாவதியான’ என்பதைத் தேதி குறித்த பொருள்களுக்குரிய வேறு பதிவுக்கு மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர்