கருங்கல் அண்ணனைத் தேடுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குளச்சல் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானது, கடைசியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவரை அடக்கம் செய்தது, எல்லாம் நன்றாக வந்திருந்தது. புலியூர்க்குறிச்சி என்ற பெயர் வந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் திருவிதாங்கூர் படை இந்திய ராணுவத்தோடு சேர்ந்தபோது அதன் இரண்டு பட்டாலியன்கள் 9 மெட்ராஸ், 16 மெட்ராஸ் என்று ஆயின. நான் 16 மெட்ராஸில் சிப்பாயாக இருந்தேன். வெலிங்டனில் ட்ரெயினிங். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தபோது எனக்கு 20 வயது. மேற்கு எல்லைக்கு அப்பால் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து சராஜ் சக் என்ற ஊரைப் பிடிப்பது எங்கள் வேலை. 15-ஆம் தேதி இரவு போனோம். முன்னால் கண்ணிவெடி வயல், காலுக்குக் கீழே உறையும் தண்ணீர். நம் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிரே பாதி எதிரி. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். எங்கள் பட்டாலியன் தலைவர் (சி.ஓ.) லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் சாகேபும் அந்தச் சண்டையில்தான் போனார். அவருக்கு மகாவீர் சக்ரா.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த 16-ஆம் தேதியைத்தான் எல்லோரும் வெற்றி நாள் என்கிறார்கள். சரிதான். ஆனால் மேற்கே எங்களுக்குச் சண்டை நின்றது 17-ஆம் தேதி இரவு 8 மணிக்கு. அன்று விடியற்காலையில் என் இடது தொடையில் ஷெல் துண்டு பாய்ந்தது.

என்னைத் தோளில் தூக்கியவர் கருங்கல் அண்ணன். எங்கள் செக்‌ஷனில் ஊர்ப் பெயர்தான் ஆளின் பெயர். அவர் கருங்கல், நான் திங்கள்சந்தை, இன்னொருவர் அருமனை. என்னைவிட அவருக்கு இரண்டு வயது கூடுதல் இருக்கும். ரத்தம் போய்க்கொண்டிருந்தது, எனக்குக் கண் சொருகியது. "உறங்காதே மக்களே, நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறு. ஸ்டாப் ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று முனகினேன். "லேய், புலியூர்க்குறிச்சியை விட்டுட்டியே, திரும்ப முதல்ல இருந்து சொல்லு" என்று அதட்டினார். மறுபடி பார்வதிபுரத்தில் தொடங்கினேன். அழகியமண்டபம், சுவாமியார்மடம் எல்லாம் தாண்டி மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் எத்தனை முறை என்னைத் திருப்பி நாகர்கோவிலுக்கு அனுப்பினாரோ, கணக்கில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது தன் கழுத்து மஃப்ளரை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரி, அப்புறம் மெடிக்கல் போர்டு, அப்புறம் வீடு. ஊரில் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அவரிடமிருந்து ஒரே ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு. நான் பதில் போட்டேன். அதற்குப் பின் ஒன்றுமில்லை. ஓலைக் கூரை ஒழுகிய ஒரு மழையில் அந்த லெட்டரும் நனைந்து போயிற்று. அவருடைய சொந்தப் பெயர் அதில்தான் இருந்தது. உயிரைக் காப்பாற்றியவரின் பெயரை மறந்தேன் என்பது இன்றுவரை எனக்குப் பெரிய வேதனை.

கருங்கலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். டீக்கடையில், சந்தையில், சர்ச் வாசலில் எல்லாம் கேட்டேன். "எந்தப் பட்டாளத்துக்காரர்?" என்பார்கள். அங்கே பட்டாளத்துக்குப் போனவர்கள் கொஞ்சமா? ஒரு அலுவலகத்தில் ராணுவ நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றுவிட்டார்கள். முன்பெல்லாம் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க பேங்கில் வரிசையில் நிற்போம். அந்த வரிசையில்தான் அருமனைக்காரரைக் கண்டுபிடித்தேன். கட்டிப்பிடித்து அழுதோம், இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். இப்போது பேரன் செல்போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறான், சான்று போய்விடுகிறது. வசதிதான், ஆனால் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் இடம் போய்விட்டது. குளச்சல் வெற்றித்தூணுக்கு நம் ரெஜிமெண்ட்காரர்கள் மரியாதை செலுத்த வரும் நாளில் நானும் போய் நின்று, கூட்டத்தில் நரைத்த தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் திங்கள்சந்தைக்காரனே இல்லை. என் வீடு அங்கிருந்து இரண்டு மைல் உள்ளே. வெளியூரில் சொன்னால் தெரியட்டும் என்று பக்கத்துச் சந்தையின் பெயரைச் சொன்னேன். அவரும் அப்படித்தான் கருங்கல் என்று சொல்லியிருப்பார். அவரும் திங்கள்சந்தைக்கு வந்து, என்னைக் கேட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போயிருக்கலாமே. இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அதனால் உங்கள் இதழ் வழியாகக் கேட்கிறேன். கருங்கல் சுற்றுவட்டாரத்தில், அடிபட்ட ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் சொல்ல வைத்த கதையை உங்கள் அப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கேட்டதுண்டா? அவர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். என் விலாசம் ஆசிரியரிடம் இருக்கிறது. மஃப்ளர் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது. அவர் கையிலோ அவர் பிள்ளைகள் கையிலோ அதைக் கொடுக்க வேண்டும். கீழே என் சொந்தப் பெயரைப் போடவில்லை. அவர் கண்ணில் பட்டால் எந்தப் பெயரைத் தெரியுமோ அதைப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
திங்கள்சந்தை,
முன்னாள் சிப்பாய், 16 மெட்ராஸ்,
கன்னியாகுமரி மாவட்டம்.