ஏ.ரி.வி. பரிசு: வாங்கு முன் அவரை அதில் இருத்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. சிவப்பு ரிபன் கட்டிய ஏ.ரி.வி. (காட்டுப் பாதையில் ஓடும் நான்கு சில்லு வண்டி), அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனைவி. இங்கே ஒன்ராறியோவில் ஹாலிபர்ட்டன், பான்கிராஃப்ட் பக்கம் கோடையில் கொட்டேஜ் எடுத்துப் போகிறவர்களுக்குத் திருமண நாள் பரிசாக இது நல்ல யோசனைதான். ஆனால் படத்தில் நின்றது 850 சிசி வண்டி. ஏ.ரி.வி.யில் ஒருமுறைகூட ஏறாத ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்தால், முதல் நாள் பத்து நிமிடம் ஓடிவிட்டு இறங்கிவிடுவார். மிச்சக் கோடை முழுக்கக் கணவர்தான் ஓடுவார். சில வீடுகளில் உள்நோக்கமே அதுதானோ என்றும் தோன்றும்.

850 வகுப்பு வண்டி 350 கிலோவுக்குக் கிட்ட வரும். 450 வகுப்பு 300 கிலோவுக்கு முன்பின். ஐம்பது கிலோ பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். ஏ.ரி.வி. கார் அல்ல, அதை ஓடுகிறவர் தன் உடம்பை அசைத்துத்தான் சமநிலைப்படுத்த வேண்டும். திருப்பத்தில் உள்பக்கம் சாய வேண்டும், ஏற்றத்தில் முன்னுக்குக் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னுக்கு நகர வேண்டும். வண்டியின் பாரம் கூடக்கூட, 55 கிலோ நிறையுள்ள ஒருவர் அசைவதற்கு அது கொடுக்கும் மதிப்புக் குறையும்.

பழகுகிறவருக்கு ஏற்றது யூட்டிலிட்டி வகை: முன்னும் பின்னும் சாமான் கட்டும் ராக், வேண்டும்போது நான்கு சில்லு இழுவை, கிளச் இல்லாத கியர். தாழ்வாக, பின் இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் ஸ்போர்ட் வகையை விட்டுவிடுங்கள். 400 முதல் 500 சிசி வரை போதும். யமஹா கோடியாக் 450 (பெயரில்தான் 450, எஞ்சின் 421 சிசி), ஹோண்டா ராஞ்சர் 420, சுசுகி கிங்குவாட் 400, சி.எஃப்.மோட்டோ சிஃபோர்ஸ் 400 எல்லாம் இந்த வரிசை. வேரும் கல்லுமான காட்டுப் பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்ட இடமே கிடைக்காது. இதற்கு மேற்பட்ட வலு வீண். ஆள் சின்னவர் என்று பிள்ளைகளுக்கான 90 சிசி வண்டியை எடுக்கவும் கூடாது. அவற்றுக்கு ஓடுகிறவரின் நிறை வரம்பு உண்டு, முழங்காலும் கைப்பிடியில் இடிக்கும்.

வண்டியின் பெயரைவிட, பரிசு பெறுகிறவர் அதில் இருக்கும் விதம் முக்கியம். கடையில் வண்டி சமதரையில், பார்க் கியரில், எஞ்சின் நிற்பாட்டியபடி இருக்கட்டும். காட்டுக்குப் போடப்போகும் அதே சப்பாத்தோடு அவரை ஏறச் சொல்லுங்கள். முதலில் கால்மிதியில் எழுந்து நிற்க வேண்டும். ஆசனத்துக்கும் உடலுக்கும் இடையே மூன்று அங்குலமாவது இடைவெளி தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் குழியில் விழும்போது ஆசனம் இடுப்பில் அடிக்கும். ஆசனத்தில் இருக்கும்போது தொடை ஏறக்குறையத் தரைக்குச் சமாந்தரமாக வர வேண்டும். குதிக்காலை மிதியில் வைத்தபடியே பெருவிரலால் கால் பிறேக்கை அமர்த்த முடிய வேண்டும். கை பிறேக்கில் விரலின் முதல் மூட்டுத் தாண்டிப் பிடி விழ வேண்டும். நுனி விரலால் கொளுவிப் பிடித்தால் இறக்கத்தில் கை வழுகும்.

அடுத்ததைத்தான் அநேகமானோர் பார்ப்பதில்லை. கைப்பிடியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். வலது கைப்பிடி முன்னுக்குத் தள்ளிப் போகும். ஏ.ரி.வி.யின் ஆக்சிலேற்றர் அந்தக் கைப்பிடியில்தான் இருக்கிறது; மோட்டார் சைக்கிள் போல முறுக்குவதில்லை, பெருவிரலால் தள்ளும் சின்ன நெம்பு. முழுக்கத் திருப்பிய நிலையிலும் முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கிறதா, பெருவிரல் அந்த நெம்பை மெதுவாகத் தள்ளவும் விடவும் முடிகிறதா என்று பாருங்கள். ஐந்தடி உயரமுள்ளவர்கள் பெரிய வண்டிகளில் தோற்பது இங்கேதான். எட்டவில்லை என்று முழு உடம்பையும் முன்னுக்குச் சரிப்பார்கள். சரியும்போது நெம்பும் சேர்ந்து அமரும். மரத்தைச் சுற்றித் திரும்ப வேண்டிய வண்டி மரத்தில் ஏறுவது இப்படித்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. வண்டி குலுங்கிப் பாய்ந்தால் உடம்பு பின்னுக்குப் போகும், விழாமலிருக்கக் கை இறுக்கிப் பிடிக்கும், பெருவிரலும் சேர்ந்து இறுகும், வண்டி இன்னும் பாயும். சில மாடல்களில் நெம்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்த அதன் கூட்டிலேயே ஒரு திருகாணி இருக்கிறது. அதை உள்ளே திருகி வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் முதல் சில நாட்கள் மெதுவாக ஓடும் ‘லோ’ கியரிலேயே ஓடட்டும்.

பணத்தை மிச்சம் பிடிப்பதென்றால் பவர் ஸ்டியரிங்கில் பிடிக்காதீர்கள். கல்லில் முன்சில்லு இடிக்கும்போது கைப்பிடி சடாரென்று திரும்பி மணிக்கட்டை முறுக்குவதை அது பெருமளவு தாங்கும். நான்கு சில்லு இழுவையில் மெதுவாகத் திருப்புவதும் இலகுவாகும். கூடுதல் லைட், பெரிய ரயர், வண்டியை உயர்த்தும் கிட் எல்லாம் வேண்டாம். உயர்த்திய வண்டி சாய்வில் சீக்கிரம் கவிழும்.

கவிழ்வதைப் பற்றி ஒரு சொல். அவுஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கும் பொதுப் பாவனைக்கும் விற்கும் புது வண்டிகளில், கவிழ்ந்தால் ஓடுகிறவரைக் காப்பதற்கான சட்டகம் கட்டாயம். ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே இங்கே பாதுகாப்பு வண்டியின் அளவிலும் பழக்கத்திலும்தான்.

பழக்கம் என்றதும், ஊரில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓடியவர்கள் கவனிக்க வேண்டும். வண்டி சரிகிறது என்றால் அவர்களுக்குக் கால் தானாகத் தரைக்குப் போகும். ஏ.ரி.வி.யில் கால்மிதிக்கு நேர் பின்னே பின்சில்லு உருண்டு வருகிறது. தரையில் ஊன்றிய குதிக்காலை அந்த ரயர் பிடித்து உள்ளே இழுத்துவிடும், கணுக்கால் மடியும். கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து வேண்டும் என்பது இதற்காகவும்தான். முதல் பாடமே, என்ன நடந்தாலும் இரண்டு காலும் மிதியில் என்பதுதான்.

பின்னால் ஆளை ஏற்றுவது அடுத்த வில்லங்கம். ஆசனம் நீளமாக இருப்பது அசைந்து ஓடுவதற்கே தவிர இருவர் இருப்பதற்கல்ல. ஏற்றத்தில் பின்னால் ஒருவர் இருந்தால் முன்சில்லு கிளம்பும். சேர்ந்து போகத்தான் ஆசை என்றால் இரண்டு பேருக்கென்றே நீட்டிச் செய்த மாடலை எடுங்கள். ஆனால் அது பாரமும் நீளமும் கூடியது, பழக உகந்ததல்ல.

எஞ்சினின் இழுவையைச் சில்லுக்குக் கொண்டுபோக றப்பர் பெல்ட் பாவிக்கும் வண்டிகளில் (ராஞ்சரில் பெல்ட் இல்லை, பற்சக்கரக் கியர்தான்) புதியவர்கள் செய்யும் பிழை, செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் ‘ஹை’ கியரிலேயே ஊர்வது. பெல்ட் வழுகிச் சூடேறி, கருகிய றப்பர் மணம் வரும். நடைவேகத்தில் போகும் இடமெல்லாம் ‘லோ’. ஆழத் தண்ணீரில் இறங்கி பெல்ட் பெட்டிக்குள் நீர் போனால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. அப்போது பெட்டியின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி நீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று இரைய விட்டால் காய்ந்துவிடும். இறக்கத்தில் நெம்பை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிற்பாட்டுகிறதா என்றும் கேளுங்கள். யமஹாவின் அல்ட்ராமற்றிக் என்ற பெல்ட் கியர் அதில் நல்ல பெயர் எடுத்தது. பழகுகிறவருக்கு அது பெரிய தைரியம்.

பாவித்த வண்டி வாங்குவதில் தவறில்லை. முதற்கீறல் பட்டதும் வரும் மனவருத்தமும் மிச்சம். விற்கிறவர் உங்களுக்காக முன்னரே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். காற்று வடிகட்டியின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே புழுதி இருந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். டக்கென்ற ஆட்டம் இருந்தால் மூட்டோ பெயரிங்கோ தேய்ந்திருக்கிறது. அச்சின் இரு முனையிலுமுள்ள றப்பர் உறை கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தால் வகுப்பது நல்ல சோதனை. 3000 கிலோமீற்றர், 200 மணித்தியாலம் என்றால் சராசரி 15. அது சாதாரண ஓட்டம். சராசரி 5 என்று வந்தால் வண்டி பனி தள்ளவும் பாரம் இழுக்கவும் நின்றிருக்கிறது, பெல்ட்டையும் கிளச்சையும் நன்றாகப் பார்க்க வேண்டும். வண்டியின் சட்டகத்தில் பொறித்த வி.ஐ.என். என்ற அடையாள எண்ணும் பதிவுப் பத்திரமும் ஒத்துப் போகின்றனவா, கடன் பாக்கி ஏதும் அதன் மேல் பதிவாகியிருக்கிறதா என்று பாராமல் காசைக் கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய மூன்று சில்லு வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம். 1988இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டோடு பெரிய நிறுவனங்கள் அவற்றை அங்கே விற்பதைக் கைவிட்டன. காரணம், திருப்பத்தில் அவை கவிழும் விதம்.

வீட்டுக்குக் கொண்டு வருவதையும் யோசியுங்கள். 300 கிலோ வண்டியோடு ரெயிலரின் நிறையையும் கூட்டினால் 500ஐத் தாண்டும். சிறிய எஸ்.யூ.வி.கள் பல 680 கிலோ வரை இழுக்கும், சில அதற்கும் குறைவு, கைநூலைப் பாருங்கள். பிக்கப்பில் பலகை வைத்து ஏற்றுவதென்றால் பலகையைப் பிக்கப்போடு பட்டியால் கட்டுங்கள். கட்டாத பலகை, பின்சில்லு உந்தும் கணத்தில் பின்னுக்கு உதைபடும், வண்டி ஆளின் மேல் விழும்.

ஒன்ராறியோச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவு, தகடு, தலைக்கவசம் வேண்டும். சொந்தக் காணிக்கு வெளியே ஓடக் காப்புறுதியும் வேண்டும். அனுமதியுள்ள தெருவில் ஓட ஜி2 அல்லது எம்2 சாரதி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், பழகுகிறவருக்கான ஜி1 போதாது. 50 அல்லது அதற்குக் குறைந்த வேகத் தெருவில் உச்சம் மணிக்கு 20 கிலோமீற்றர். அதற்கு மேற்பட்ட தெருவில் 50. எந்தத் தெருவில் விடுவார்கள் என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும்.

செலவுக் கணக்கில் விளம்பர விலையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். 9000 டொலர் வண்டிக்கு 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி மட்டும் 1170. அதற்கு மேல் ஏற்றுகூலி, கடைத் தயாரிப்புக் கட்டணம். முதல் 20, 25 மணித்தியால ஓட்டத்தில் ஆயில் மாற்றும் சேவை வரும். தலைக்கவசம், கண்காப்பு, கையுறை, சப்பாத்துக்கும் ஒதுக்குங்கள். தலைக்கவசத்தை மட்டும் இரகசியமாக வாங்க முடியாது. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தலையைச் சுற்றி அளந்து, போட்டுத் தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து அசையும் அளவுக்கு இறுக்கமாக எடுக்க வேண்டும். கொண்டை போட்டால் கவசம் நெற்றியை விட்டு மேலே ஏறிவிடும். கழுத்தோடு தாழப் பின்னல் போட்டு அளக்க வேண்டும்.

சின்னதாக ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க விரும்பினால், தாழ்ந்த அழுத்தம் காட்டும் ரயர் மானியைக் கொடுங்கள். ஏ.ரி.வி. ரயருக்கு அநேகமாக 5 முதல் 7 பிஎஸ்ஐதான். பெற்றோல் நிலைய மானி அந்த அளவைச் சரியாகக் காட்டாது. அதை நம்பி 15 ஏற்றிவிட்டால் வண்டி பந்து போலத் துள்ளும். இடமும் வலமும் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசப்பட்டாலே ஒரு பக்கம் இழுக்கும். கூடவே கனடா பாதுகாப்புக் கவுன்சிலின் ஏ.ரி.வி. பயிற்சிக்குப் பதிந்த பற்றுச்சீட்டையும் வையுங்கள். பயிற்சியில் வேறொருவரின் வண்டியில் அவர் விழுந்தெழும்பி, தனக்கு எது எட்டுகிறது, எது பாரம் என்று தெரிந்துகொண்ட பிறகு, வேலைநாள் காலையில், கூட்டமில்லாத நேரம் பார்த்து, இருவருமாகக் கடைக்குப் போங்கள். விற்பனையாளர் விலையைப் பற்றி உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கட்டும். மனைவி ஏறி இருந்து, கைப்பிடியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ