தாத்தாவின் தண்ணீர் நோட்டு

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தாத்தாவின் காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போய் ஒரு மாதம் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம் நீ அழுகிறாய். உன்னைத் தேற்றுகிற அவசரத்தில் நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்ல முடியாமல் போகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைசி வாரத்தில் உன்னைக் கேட்டார் என்பது உண்மைதான். "ஆத்தாளுக்கு லீவு கிடைக்காது, புள்ளைய அலைக்கழிக்காதீங்க" என்று உன் அப்பாவிடம் சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்.

திருநீற்று மாடத்தில் அவர் வைத்திருந்த நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பிள்ளையில் அதில் கோழி படம் வரைந்து திட்டு வாங்கினாயே, அதேதான். இப்போது அது என் கையில் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் கொஞ்சம் திருநீறு உதிர்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், எழுத்தெல்லாம் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். வருஷம் தவறாமல் இரண்டு தேதி எழுதியிருக்கிறார்: மேட்டூரில் தண்ணீர் திறந்த நாள், நம் வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்த நாள்.

அவர் பிறந்தது 1935-ல். மேட்டூர் அணையும், அதோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயும் 1934-ல் வந்தவை. "அணைக்கு நான் ஒரு வயசு தம்பி" என்று சொல்லிக்கொள்வார். நம் ஊர் அந்தக் கால்வாயின் கடைமடை. கல்லணையில் திறக்கிற தண்ணீர் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை எல்லாம் தாண்டி பேராவூரணிப் பக்கம் வருவதற்குள் நாற்றங்காலைப் பார்த்துப் பார்த்தே ஆள் பாதி ஆகிவிடும். அதனால்தான் அவருக்கு இரண்டு தேதி. திறந்த நாள் ஊருக்குத் திருவிழா, வந்த நாள்தான் நமக்குச் சோறு.

2012-ல் "செப்டம்பர் 17. குறுவை இல்லை" என்று மட்டும் இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு பிந்தியதால் குறுவை நெல் போட முடியாமல் போன வருஷம் அது. 2017-ல் "அக்டோபர் 2." அதற்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாதத்தில் திறப்பது அதுதான் முதல் தடவை என்று பேப்பரில் வந்ததை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். நோட்டில் வட்டம் போட்ட இடம் இரண்டே இரண்டுதான். இன்னொன்று நீ பிறந்த நாள். "பேத்தி. நல்ல மழை. தாய் சுகம்" என்று எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி அதில் இருக்கிற இரண்டு சொல் அது. எனக்கு அது போதும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமா என்றாலே பயம். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஒரு நாள் அந்த நோட்டை நீட்டி, "கண்ணு மங்குதும்மா, நீ வாசிச்சுச் சொல்லு" என்றார். தினமும் சாயங்காலம் வாசித்தேன். எந்த வயல் எத்தனை மா, எந்த மடை யாரோடு பொது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று ஒரு வருஷத்தில் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. உன் அப்பா வெளியூரில் வேலை பார்த்த வருஷங்களில் இந்தப் பண்ணையை நான் ஒருத்தியாகக் கட்டிக் காத்தேன் என்று ஊரே பேசும். அதற்கு அந்தச் சாயங்காலங்கள்தான் காரணம், பாப்பா.

கஜா புயல் அன்றைக்கு நீ இங்கே இல்லை. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிட்டது, மரம் முறிகிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. விடிந்ததும் தோப்புக்குப் போனோம். அத்தனை தென்னையும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கிடந்தன. நான் வாய்விட்டு அழுதேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். தொடாமல் ஒன்றையும் எண்ணவில்லை. 143 விழுந்தது, 9 நின்றது. அப்புறம் தெருவுக்குப் போய், கூரை பறந்த வீட்டுக்காரர்களிடம், "கீத்து எவ்வளவு வேணுமோ வெட்டிக்கிட்டுப் போங்க, காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்துதான் நோட்டில் கணக்கு எழுதினார். அன்று மட்டும் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

அடுத்த ஆடியில் மூன்றடிக் குழி, இருபத்தைந்தடி இடைவெளி என்று மறுபடியும் கன்று வைத்தார். அப்போது அவருக்கு வயது 84. சீக்கிரம் காய்க்கிற குட்டை ரகம் வைக்கலாம் என்று உன் அப்பா எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. "குட்டைக்குப் பக்கத்துலயே ஆளு இருந்து பாக்கணும். என் ஆத்தா வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவ. அவளுக்கு நெட்டைதான் தோது" என்றார். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. வடக்கு வரிசையில் நான்கு மரம் இப்போது பாளை விட்டிருக்கிறது. மாசியிலேயே முதல் பாளை வந்துவிட்டது, கட்டிலோடு தூக்கிப்போய்க் காட்டினோம். பார்த்துவிட்டு, "அடியில தண்ணி நிக்க விடாதீங்க" என்று சொன்னார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஜூன் 12 அன்றைக்கே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்தது. முன்னால் நுரையும் சருகும் உருண்டு வர, நாய்கள் குரைத்துக்கொண்டே கூட ஓடி வந்தன. இரண்டு தேதியும் நோட்டில் எழுதிவிட்டேன். அவர் பென்சில் துண்டு இவ்வளவுதான் இருக்கிறது, என் விரலுக்குள் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். என் எழுத்து அவர் எழுத்து மாதிரி இல்லை, பார்த்துக்கொள்.

சரி பாப்பா, இன்றைக்கு நம் முறைத் தண்ணீர். ராத்திரி பத்து மணிக்கு மடை திறக்க வேண்டும். டார்ச் லைட்டைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா